‘நன்றி: கூகுள்’ போதாது: பாடக் கையேடு தயாரிக்கக் கிளம்புகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் டியூஷன் நடத்துகிறேன். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நம் மாவட்டத்தைப் பற்றி 32 பக்கத்தில் ஒரு பயிற்சிக் கையேடு போட்டேன். 300 பிரதி. பன்னிரண்டாம் பக்கத்தில், பள்ளத்தாக்குக்கு மேலே தண்ணீரைக் கடத்துகிற மாத்தூர் தொட்டிப்பாலத்தின் படம், அதன் கீழே பொடி எழுத்தில் ‘நன்றி: கூகுள்’. அச்சகத்திலிருந்து கட்டு வந்த ஒன்பதாம் நாள் ஒரு போன்.

“சார், அது நான் எடுத்த படம். கூகுள் எப்பம் சார் மாத்தூருக்கு வந்தாரு?”

சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடம் வியர்த்தது. “உங்க பேரைப் போட்டுடுறேன் அண்ணே” என்றேன். “பேரு போட்டா ஆச்சா? அதை ஒரு காலண்டர்காரங்களுக்கு எழுதிக் குடுத்தாச்சு. இனி நான் நெனச்சாலும் உங்களுக்குத் தர முடியாது” என்றார். பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தால், நடுவில் பின் அடித்த புத்தகம். 11-12 தாளை இழுத்தால் 21-22 தாளும் கூடவே கழன்று வரும். இரண்டு ராத்திரி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து 300 படத்தின் மேலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினோம். பிள்ளைகள் வகுப்பில் செய்த முதல் வேலை அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்ததுதான்.

அதற்குப் பிறகு சட்டத்தைப் படித்து, தெரிந்த வக்கீலிடம் கேட்டு, இன்னும் இரண்டு மூன்று இடத்தில் முட்டி மோதி நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை சம்பந்தப்பட்டால் அவர்களிடம் போய்விடுங்கள்.

ஒரு சொல் தெளிவு. எழுத்து, படம், பாட்டு ஆகியவற்றுக்கு உள்ளது பதிப்புரிமை. கண்டுபிடிப்புக்குத் தருவது காப்புரிமை. நம் ஊர் டிடிபி சென்டரில் இரண்டையும் ஒன்றாகவே சொல்வார்கள். அச்சில் ‘காப்புரிமை பெற்றது’ என்று போட்டுவிடாதீர்கள்.

1. முதலில் பட்டியல், பிறகுதான் பக்க வடிவமைப்பு

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: என்ன எடுத்தேன், எங்கிருந்து எடுத்தேன், யாருடையது, எந்த உரிமையில் எடுத்தேன், எந்தத் தேதியில் பார்த்தேன். படம், கவிதை வரி, அட்டவணை, வரைபடம், கேள்வி என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரி. நான்காவது கட்டம் காலியாக இருக்கிற எதுவும் டிசைனர் கைக்குப் போகக் கூடாது. போய்விட்டால் அது அப்படியே அச்சாகிவிடும். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று வைத்த எதையும் நான் அப்புறம் பார்த்ததே இல்லை.

2. இரண்டு கேள்வியைத் தனித்தனியாகக் கேளுங்கள்

‘இதைப் பயன்படுத்த எனக்கு உரிமை இருக்கிறதா?’ இது பதிப்புரிமைக் கேள்வி. ‘இது யாருடையது என்று படிப்பவருக்குச் சொன்னேனா?’ இது நேர்மைக் கேள்வி. ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றதற்கு ஆகாது. தொட்டிப்பாலப் படத்தில் நான் பெயரே போட்டிருந்தாலும் முதல் கேள்வியில் தோற்றிருப்பேன். மாறாக, நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு பாட்டை எடுத்து என் பெயரில் போட்டால் சட்டம் என்னைத் தேடி வராது, ஆனால் அது திருட்டுதான். பெரும்பாலான குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைப்பதால் வருகிறது.

3. யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடியவை

தகவல். திருவள்ளுவர் சிலை 38 அடிப் பீடத்தின் மேல் 95 அடி, மொத்தம் 133 அடி. இந்தக் கணக்குக்குச் சொந்தக்காரர் கிடையாது. அதை இன்னொருவர் எழுதிய வாக்கியத்துக்கு உண்டு.

காலம் முடிந்த எழுத்து. இந்தியாவில் எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு எண்ண வேண்டும். தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை மறைந்தது 1954-இல். 1955-இல் தொடங்கி 2014 டிசம்பரோடு 60 முடிந்தது. ஆக, அவர் பாட்டைத் தாராளமாகப் போடலாம். அதே மாவட்டத்துக்காரர்தானே என்று சுந்தர ராமசாமியின் பக்கத்தையும் எடுத்துவிடாதீர்கள். அவர் மறைந்தது 2005-இல், எனவே 2065 முடியும் வரை உரிமை வாரிசுகளிடம்தான்.

நாட்டுடைமை ஆனவை. தமிழக அரசு வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து உரிமையை வாங்கிப் பொதுவில் விட்ட நூல்கள் இவை. அப்படிப்பட்ட நூல்கள் ஏராளமாகத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்திலும் தமிழ் விக்கிமூலத்திலும் கிடைக்கின்றன. பொறி எங்கே என்றால், ஒரு பதிப்பகம் அதே நூலைப் புதிதாகப் போடும்போது சேர்க்கும் முன்னுரை, அடிக்குறிப்பு, ஓவியம் ஆகியவை நாட்டுடைமை இல்லை. திருக்குறளும் அப்படித்தான்: குறள் பொது, போன வருடம் ஒருவர் எழுதிய உரை பொது இல்லை.

சிலையும் கட்டடமும். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படம் எடுக்கவும் வரையவும் அச்சிடவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. கட்டடத்துக்கும் அப்படியே. ஆகவே முக்கடலில் படகில் போய் நீங்கள் எடுத்த வள்ளுவர் படம் உங்களுடையது. உங்களுக்கு முன்னால் நின்று இன்னொருவர் எடுத்த படம் அவருடையது. சிலை பொது என்பதால் படமும் பொது ஆகிவிடாது. என் கையேட்டில் நான் சறுக்கிய இடம் இதுதான், தொட்டிப்பாலம் அரசாங்கத்துடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்மநாபபுரம் அரண்மனையைப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் நம்முடையது, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையுடையது. கேமரா டிக்கெட் எடுத்ததோடு நிற்காமல், புத்தகத்தில் போடப்போகிறேன் என்று அவர்களிடமே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

4. ‘கல்விக்குத்தானே’ என்பதற்கு எல்லை எங்கே

ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வது இது: பாடத்துக்கு எடுத்தால் தப்பில்லை. பாதி சரி. அந்தப் பாதியைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(i). பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுக்கலாம். தேர்வில் கேள்வியாகவும் விடையாகவும் தரலாம். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகல் கடை வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்கு விரிந்த பொருள் கொடுத்தது. வகுப்பு நடத்தத் தேவையான அளவுக்குப் பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு நகல் தருவதும் இதற்குள் வரும் என்றது. பதிப்பகங்கள் பிறகு வழக்கையே வாபஸ் வாங்கிக்கொண்டன. நகல் உரிமம் தரும் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயும் பலிக்கவில்லை. ஆகவே நாளைய வகுப்புக்கு ஒரு பக்கத்தை நகலெடுத்து நாற்பது பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பயப்பட வேண்டாம்.

ஆனால் அதே பக்கத்தை அட்டை போட்டு, 60 ரூபாய் விலை வைத்து, வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் கடைகளுக்குக் கொடுத்தால் அது வகுப்பு இல்லை, பதிப்பு. அங்கே வருவது 52(1)(h). அதன் நிபந்தனைகளைப் பாருங்கள்:

தொகுப்பின் பெரும்பகுதி பதிப்புரிமை இல்லாதவையாக இருக்க வேண்டும். கல்விக்கானது என்று தலைப்பிலும் விளம்பரத்திலும் சொல்லியிருக்க வேண்டும். எடுப்பது சிறு பகுதியாக இருக்க வேண்டும். ஒரே எழுத்தாளரிடமிருந்து ஒரே பதிப்பாளர் ஐந்து ஆண்டில் இரண்டு பகுதிக்கு மேல் எடுக்கக் கூடாது. எல்லோரும் தவறவிடுகிற நிபந்தனை இனிமேல்தான்: மூலநூல் கல்விக்காகவே வெளியானதாக இருக்கக் கூடாது. அதாவது, இன்னொரு பாடநூலிலிருந்தோ கைடிலிருந்தோ எடுக்க இந்த விலக்கு உதவாது. நம்மில் முக்கால்வாசிப் பேர் எடுப்பது அங்கிருந்துதான்.

தமிழக அரசுப் பாடநூலைப் பிடிஎஃப் ஆக யாரும் இறக்கிக்கொள்ளலாம். இலவசமாக இறக்கலாம் என்பதற்கு அச்சடித்து விற்கலாம் என்று பொருள் இல்லை. அரசு வெளியீட்டுக்கும் வெளியான பிறகு 60 ஆண்டு உரிமை உண்டு. சட்டங்கள், அரசிதழ், நீதிமன்றத் தீர்ப்புகள் போன்றவற்றுக்குத்தான் விலக்கு.

மொழிபெயர்ப்பு. ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பாடத்தைத் தமிழில் எழுதிவிட்டால் அது நம்முடையது என்று நினைக்கிறார்கள். மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியருடையதுதான். மலையாளத்திலிருந்து எடுக்கிறவர்கள் நம் பக்கம் அதிகம், எல்லைக்கு அந்தப் பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம். களியக்காவிளையைத் தாண்டினாலும் சட்டம் அதேதான்.

வில்லுப்பாட்டு. அம்மன் கோயில் கொடை விழாவில் செல்போனில் பிடித்த பாட்டை வீடியோ பாடத்தில் பின்னணியாகப் போட்டார் என் நண்பர் ஒருவர். கதை பழையதாக இருக்கலாம். ஆனால் பாடிய புலவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று இருக்கிறது, 50 ஆண்டுக்கு. அவரிடம் ஒரு சாயா வாங்கிக் கொடுத்துக் கேட்டிருந்தால் சந்தோஷமாகத் தந்திருப்பார். கேட்காமல் போட்டதால் மனஸ்தாபம்.

பள்ளி ஆண்டுவிழாவில் ஆசிரியரும் பிள்ளைகளும் ஒரு நாடகத்தையோ பாட்டையோ நிகழ்த்தலாம், பார்ப்பவர்கள் பள்ளிக்காரர்களும் பெற்றோரும் காப்பாளருமாக இருக்கும் வரை. அதை அப்படியே யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். 90 நாளுக்குள் மூன்று எச்சரிக்கை விழுந்தால் சேனலே போய்விடும்.

5. இலவசப் படம் எடுப்பதும் பெயர் போடுவதும்

கூகுள் தேடித் தருகிற கருவி, படத்தின் சொந்தக்காரர் இல்லை. விக்கிமீடியா காமன்ஸ் போன்ற இடத்துக்குப் போங்கள். அங்கே ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமம் எழுதியிருக்கும். பெரும்பாலும் அது, சொந்தக்காரரே முன்கூட்டி அனுமதி தருகிற கிரியேட்டிவ் காமன்ஸ் (சுருக்கமாக சிசி) உரிமம். அதில் நான்கு துண்டுகள்தான். ‘பை’ என்றால் பெயர் சொல். ‘எஸ்ஏ’ என்றால் மாற்றினால் அதே உரிமத்தில் விடு. ‘என்சி’ என்றால் வணிகத்துக்குக் கூடாது. ‘என்டி’ என்றால் மாற்றி வெளியிடக் கூடாது.

விலை வைத்த புத்தகமா, என்சி படத்தைத் தொடாதீர்கள். லாபம் இல்லாமல் அச்சுச் செலவுக்கு மட்டும்தான் விலை என்று வாதாடலாம், ஆனால் வாதாட வேண்டிய படத்தை ஏன் எடுக்க வேண்டும்? ஒரு பூவின் படத்தில் பாகங்களின் பெயரைத் தமிழில் மாற்றி எழுதுகிறீர்களா, என்டி ஆகாது. எஸ்ஏ படத்தை அப்படி மாற்றினால், மாற்றிய படத்தை அதே உரிமத்தில் விட வேண்டும். புத்தகம் முழுவதையும் விட வேண்டியதில்லை.

பெயர் போடும் வரியில் ஐந்து விஷயம் இருக்கட்டும். நான் இப்போது போடுவது இப்படி:

படம்: ‘பேச்சிப்பாறை அணை’ – எடுத்தவர் பெயர் – விக்கிமீடியா காமன்ஸ் – சிசி பை-எஸ்ஏ 4.0 – ஓரம் வெட்டப்பட்டது.

‘நன்றி: இணையம்’, ‘நன்றி: வாட்ஸப்’ எல்லாம் தபால்காரருக்கு நன்றி சொல்கிற மாதிரி. கடிதம் எழுதியவர் யார்?

வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத் தளம் வசதி. பங்களிப்பாளர்களுக்கு உரிய வரியைப் படத்தின் மூலையில் போட்டாக வேண்டும்.

இலவசத் தளத்திலும் பிறர் படத்தைத் தன் பெயரில் ஏற்றுகிறவர்கள் உண்டு. படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் அதை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதே படம் ஏற்கெனவே ஒரு பத்திரிகையில் வந்திருந்தால் விட்டுவிடுங்கள். பார்த்த அன்றே உரிமப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தேதியோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

பிள்ளைகள் முகம் தெரியும் படம் என்றால், படம் உங்களுடையதாகவே இருந்தாலும் பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள்.

6. அனுமதிக் கடிதம்

அச்சுக்குக் கொடுக்கும் நாளிலிருந்து இரண்டு மாதம் முன்னால் எழுதுங்கள். என் அனுபவத்தில் தனி ஆட்கள் ஒரு வாரத்துக்குள் பதில் தந்தார்கள். ஒரு பதிப்பகத்திலிருந்து 47 நாள் கழித்து வந்தது, அதுவும் ‘எத்தனை பிரதி என்று குறிப்பிடவில்லை’ என்று. அப்புறம் மறுபடி முதலிலிருந்து.

ஒரே கடிதத்தில் இதையெல்லாம் எழுதிவிடுங்கள்: எந்த நூல், எந்தப் பக்கம், எத்தனை வரி (நகலை இணைக்கவும்). எந்தக் கையேடு, எந்த வகுப்பு. அச்சா, பிடிஎஃபா, இரண்டுமா. எத்தனை பிரதி, என்ன விலை. மறுபதிப்புக்கும் சேர்த்தா. பெயரை எப்படிப் போட வேண்டும். கட்டணம் உண்டா.

‘உங்கள் பதில் வராவிட்டால் அனுமதித்ததாக எடுத்துக்கொள்வோம்’ என்று எழுதச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். மௌனம் கல்யாண வீட்டில் சம்மதமாக இருக்கலாம், பதிப்புரிமையில் இல்லை. பதில் வராவிட்டால் வேறு பகுதிக்குப் போங்கள்.

7. மாற்றி எழுதினால் நம்முடையது ஆகிவிடுமா

எழுத்துத் திருட்டு என்றால் அப்படியே ஈயடிச்சான் காப்பி அடிப்பது மட்டும் என்று நினைத்திருந்தேன். பாருங்கள். ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

‘பரளியாற்றுக்கு மேலே நிற்கும் தொட்டிப்பாலம், ஒரு மலையின் தண்ணீரை மறு மலைக்குத் தோளில் சுமந்து கொடுக்கிறது.’

நான் அதைப் பார்த்து எழுதுகிறேன்:

‘பரளி ஆற்றின் மேல் உள்ள தொட்டிப்பாலம், ஒரு குன்றின் நீரை அடுத்த குன்றுக்குத் தோளில் தூக்கித் தருகிறது.’

ஏறக்குறைய எல்லாச் சொல்லையும் மாற்றிவிட்டேன். ஆனால் பாலத்துக்குத் தோள் வைத்தது அவர். அதைத்தான் எடுத்திருக்கிறேன். சரியான வழி இரண்டு: மேற்கோள் குறி போட்டு அவர் பெயர் சொல்வது, அல்லது புத்தகத்தை மூடிவிட்டு, பாலம் தண்ணீரைப் பள்ளத்தாக்குக்கு மேலாகக் கடத்துகிறது என்ற தகவலை மட்டும் வைத்து நம் வாக்கியத்தை எழுதுவது. மூடுவது முக்கியம். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் கை அதன் பின்னாலேயே போகும்.

பாடத்தின் வரிசை, எடுத்துக்காட்டுக் கணக்குகள், கேள்விகளின் அடுக்கு ஆகியவற்றையும் இப்படித்தான் பாருங்கள். கணக்கில் ‘ராமு’வை ‘ஜெனிஃபர்’ ஆக்கி, ஆப்பிளை அயினிச்சக்கை ஆக்கினால் புதுக் கணக்கு ஆகாது.

எம்.எட்., பிஎச்.டி. செய்கிறவர்களுக்கு மட்டும்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு கொடுக்கவே முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. ஆனால் மென்பொருள் காட்டும் சதவீதத்தை வேதவாக்காக எடுக்காதீர்கள், கருத்தை எடுத்ததை அது கண்டுபிடிக்காது.

8. காசு கொடுத்து எழுதி வாங்கினால்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் 3,000 ரூபாய் கொடுத்து 120 கேள்வி எழுதி வாங்கினேன். இரண்டாம் பதிப்பு போடும்போது, “அது ஒரு தடவைக்குத்தானே தம்பி” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெளியாள் எழுதித் தந்த எழுத்தின் உரிமை, கையெழுத்தோடு எழுதித் தராத வரை அவரிடமே இருக்கும். ரசீது போதாது.

ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தப் படைப்பு, எந்த உரிமைகள், எத்தனை ஆண்டு, எந்த நாடு, எவ்வளவு தொகை, மறுபதிப்புக்கு என்ன. ஆண்டு போடாவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். இடம் போடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது திரும்பிப் போய்விடும். உரிமையை முழுதாக வாங்கினாலும் எழுதியவர் என்ற பெயர் அவருடையதுதான், பிரிவு 57 அதைக் காக்கிறது.

இதன் மறுபக்கம்: நீங்கள் ஒரு பள்ளியில் சம்பளத்துக்கு இருந்து, வேலையின் பகுதியாகவே தயாரித்த கையேடு பொதுவாக நிர்வாகத்துக்குச் சொந்தம். வெளியில் விற்கும் முன் நியமன உத்தரவை எடுத்துப் படியுங்கள்.

9. உங்கள் கையேட்டைப் பதிவு செய்ய வேண்டுமா

கட்டாயம் இல்லை. எழுதிய கணமே உரிமை வந்துவிடுகிறது. பதிவு சான்றாக உதவும், அவ்வளவே. எழுத்துப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். டெல்லி பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் 14 நிரப்பி, படைப்பின் பிரதி, எழுதியவர் வேறு ஆள் என்றால் அவருடைய தடையில்லாச் சான்று ஆகியவற்றை இணைக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு டைரி எண் வந்த பிறகு ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு, பிறகு பரிசீலனை. மாதக்கணக்கில் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதை நீங்களே செய்யலாம், ஏஜென்ட் வேண்டாம்.

தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்தால் போதும் என்று எனக்கும் ஒருவர் சொன்னார். அனுப்பினேன். அந்த உறை இன்னும் பீரோவில் இருக்கிறது. அதைச் சட்டம் பதிவாக எடுத்துக்கொள்ளாது.

புத்தகத்துக்கு அடையாளமாகத் தருகிற ஐஎஸ்பிஎன் எண் வேறு, பதிப்புரிமை வேறு. அந்த எண்ணுக்கு இந்தியாவில் கட்டணம் கிடையாது.

10. போன் வந்துவிட்டால்

வாதாடாதீர்கள், அன்றைக்கே விற்பனையை நிறுத்துங்கள், பிடிஎஃபை இறக்குங்கள். தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் இருக்கிறது. லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் குறைக்கலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் 4.0 பதிப்பில் உள்ள படத்தில் பெயர் விட்டுப்போன பிழை என்றால், தெரிய வந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் தானாகத் திரும்பி வரும்.

என்ன எடுத்தோம், எத்தனை பிரதி போனது, என்ன செய்யப் போகிறோம் என்று எழுத்தில் தெரிவியுங்கள். எனக்கு மொத்தச் செலவு ஸ்டிக்கர் தாளுக்கு 840 ரூபாய், இரண்டு ராத்திரித் தூக்கம். இரண்டாம் பதிப்பில் இருக்கிற தொட்டிப்பாலம் நானே செல்போனில் எடுத்தது. கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஓரத்தில் என் பைக்கின் கண்ணாடியும் தெரியும்.